பழைய இன்ஹெரிட்டன்ஸ் லைப்ரரியில் கை வைக்கும் முன்: இரண்டு வார வேலை ஒன்பது வாரம் ஆனது எப்படி

பினாங்கு லெபோ பசார் பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அவர்களுடைய பில் போடும் புரோகிராமில் ஒரே ஒரு புது பில் வகை சேர்க்க வேண்டும் என்றார்கள். உறுப்பினர் அட்டை உள்ளவர் புங்குஸ், அதாவது பொட்டலம், வாங்கினால் பத்து விழுக்காடு கழிவு, அவ்வளவுதான். இரண்டு வாரம், 3,000 வெள்ளி (ரிங்கிட்) என்று பேசி முடித்தேன். வேலை முடிந்தது ஒன்பதாவது வாரம். நடுவில் 4,000 வெள்ளிக்கு வந்த இன்னொரு வேலையை நேரமில்லை என்று விட்டுவிட்டேன், தப்பாய்ப் போன பில்களுக்காகக் கையிலிருந்து 140 வெள்ளி கொடுத்தேன். காரணம், உள்ளே இருந்த ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் இன்ஹெரிட்டன்ஸ் லைப்ரரி, அதாவது ஒரு கிளாஸை நீட்டி இன்னொரு கிளாஸ் கட்ட உதவும் கோடு. இருபத்தைந்து வரிகூடப் பெரிதாகத் தாண்டாது. அதை முதல் நாளே உட்கார்ந்து வரிவரியாகப் படித்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. "இவ்வளவு சின்னது, என்ன இருந்துவிடப் போகிறது" என்று படிக்காமல் விட்டேன். இப்போது நினைத்தாலும் என்மேல்தான் கோபம் வருகிறது.

அந்தப் புரோகிராமின் கோடைத் திறந்ததும் கண்ணில் பட்டது ஆறு அடுக்குக் கிளாஸ். கிளாஸ் என்பது ஆப்ஜெக்டுகளை உண்டாக்கும் அச்சு, ஒன்றை நீட்டி இன்னொன்று கட்டினால் பழையது தாய், புதியது பிள்ளை. அடியில் 'பில்', அதற்கு மேல் 'வரிபில்'. 2015 ஏப்ரல் 1 அன்று ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) 6 விழுக்காடு வந்தபோது 'ஜிஎஸ்டிபில்' பிறந்திருக்கிறது. 2018 ஜூன் 1 முதல் ஜிஎஸ்டி பூஜ்யமானதும் அந்த மூன்று மாதத்துக்கென்றே ஒரு கிளாஸ். செப்டம்பர் 1 அன்று எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) திரும்பியதும் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே 'ரொக்கப்பில்'. அரசாங்கம் வரியை மாற்றும் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் பழைய கிளாஸை நீட்டி, 'வரி' என்ற மெத்தடை (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷனை) மட்டும் ஓவர்ரைடு செய்துவிட்டு, அதாவது தாயுடையதற்குப் பதில் புதிதாக எழுதிவிட்டு, போயிருக்கிறார். 2024 மார்ச் 1-இல் சேவை வரி 8 ஆனபோது 8 என்று மாற்றி, சாப்பாட்டுக் கடைக்கு 6-தான் என்று தெரிந்து திரும்ப மாற்றிய தடமும் கமெண்டில் கிடந்தது. பூஜ்ய வரிக்கு ஏன் தனிக் கிளாஸ் என்று முதலில் சிரித்தேன். பிறகுதான் கண்டேன்: தாய்க் கிளாஸில் "விகிதம் இல்லையென்றால் 6" என்பதை இரண்டு செங்குத்துக் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்த இடத்தில் பூஜ்யமும் "இல்லை"தான். விகிதத்தை 0 என்று கொடுத்தால் 6 வந்து நிற்கும். அதைத் திருத்தாமல் ஒரு கிளாஸையே கட்டிவிட்டார்கள். இரட்டைக் கேள்விக்குறி போட்டிருந்தால் போதும், அது நல் (null), அண்டிஃபைண்ட் என்ற இரண்டு வெறுமை மதிப்புகளை மட்டும்தான் "இல்லை" என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் அது 2020-இல்தான் மொழிக்குள் வந்தது என்பதால் 2018-இல் எழுதியவரை அதிகம் திட்ட முடியாது.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 ஜூனில் இஎஸ்6 பதிப்பு வரும்வரை ஜாவாஸ்கிரிப்டில் கிளாஸ் என்று எழுத வழியே இல்லை. புரோட்டோடைப் மட்டும்தான், அதாவது ஓர் ஆப்ஜெக்ட் தன்னிடம் இல்லாததைத் தேடிப் போகும் பொது ஆப்ஜெக்ட். அதனால் ஆளாளுக்கு ஒரு லைப்ரரி வைத்திருந்தார்கள். புரோட்டோடைப்.ஜேஎஸ்ஸில் தாயின் மெத்தட் டாலர் சூப்பர் என்ற முதல் ஆர்கியுமெண்டாக வரும். மூடூல்ஸில் திஸ்.பேரண்ட், டோஜோவில் திஸ்.இன்ஹெரிட்டட், எக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் கால்பேரண்ட். இந்தக் கடையில் இருந்தது ஜேக்வெரியை எழுதிய ஜான் ரெஸிக் 2008-இல் வெளியிட்ட சின்ன லைப்ரரி. அதில் தாயின் மெத்தடைத் திஸ்._சூப்பர் என்று கூப்பிட வேண்டும், திஸ் என்பது அப்போது வேலை செய்யும் ஆப்ஜெக்ட். பெயர்கள் வேறாக இருந்தாலும் வலிக்கிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றே, அதனால் உங்கள் கையில் எது இருந்தாலும் மேலே படிக்கலாம்.

அது எப்படி ஓடுகிறது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்டெண்ட் என்று கூப்பிட்டதும் லைப்ரரி தாய்க் கிளாஸுக்கு நியூ போட்டு ஓர் ஆப்ஜெக்டை எடுத்துப் புதுக் கிளாஸின் புரோட்டோடைப் ஆக்குகிறது. அந்த நேரத்தில் இனிட் (ஆப்ஜெக்ட் உண்டாகும்போது ஓடும் மெத்தட்) ஓடிவிடக் கூடாது என்று ஒரு கொடியைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. பிறகு நீங்கள் கொடுத்த ஒவ்வொரு மெத்தடையும் பார்க்கிறது. இது ஃபங்ஷனா, தாயிடமும் இதே பெயரில் ஃபங்ஷன் உண்டா, இதன் எழுத்து வடிவத்துக்குள் _சூப்பர் என்ற சொல் இருக்கிறதா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் அதன் மேல் ஓர் உறை போடுகிறது. அந்த உறை கூப்பிடப்படும்போது, திஸ்._சூப்பரில் இருந்ததை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, தாயின் மெத்தடை அங்கே மாட்டி, உங்கள் மெத்தடை ஓட்டி, முடிந்ததும் பழையதைத் திரும்ப மாட்டும். கல்லாவில் நாற்காலி ஒன்றுதான். முதலாளி சாப்பிடப் போனால் மகன் உட்காருவான், அவர் வந்ததும் எழுந்துவிடுவான். எந்த நேரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாமல் "கல்லாவில் இருப்பவரே" என்று கூப்பிட்டால் வேறு யாரோ திரும்பிப் பார்ப்பார். எனக்கு நடந்தது எல்லாம் இந்த ஒரே நாற்காலிக் கதைதான்.

அதற்கும் முன்னால், நானே செய்த ஒரு பிழை. என் புதுக் கிளாஸில் 'பொருட்கள்' என்று ஒரு வெற்று அர்ரேயை (பட்டியலை) மெத்தடுகளோடு மெத்தடாக எழுதி வைத்தேன். அது புரோட்டோடைப்பில் போய் உட்காருகிறது. எல்லாப் பில்லுக்கும் ஒரே அர்ரே. மதியக் கூட்டத்தில் முதலாளி போன் செய்தார்: "தம்பி, நாலாம் நம்பர் பொட்டலத்து மீன் குழம்பு ஒன்பதாம் நம்பர்லயும் வருது, என்னன்னு பாருங்க." ஒரு பில் மட்டும் திறந்து சோதித்ததால் என் கணினியில் சரியாகவே இருந்தது. எண், சொல் போன்றவற்றை அப்படி வைக்கலாம், மாற்றி எழுதும்போது அந்த ஆப்ஜெக்டுக்கே தனியாக உண்டாகிவிடும். அர்ரேயும் ஆப்ஜெக்டும் அப்படியில்லை, உள்ளே தள்ளும்போது பொதுச் சொத்துக்குள்தான் தள்ளுகிறீர்கள். அவற்றை இனிட்டுக்குள் திஸ் போட்டு உண்டாக்குங்கள். அந்த இனிட்டில் _சூப்பரைக் கூப்பிட மறக்காதீர்கள், மறந்தால் தாய் உண்டாக்கும் அர்ரே உங்களுக்கு வராது. சோதிக்கும்போது எப்போதும் இரண்டு ஆப்ஜெக்ட் உண்டாக்கிச் சோதியுங்கள். அந்த 140 வெள்ளி போனது இங்கேதான்.

அடுத்தது கழிவு. உறுப்பினர் எண்ணைச் சர்வரில் கேட்டு, பதில் வந்ததும் தாயின் 'கழிவு' மெத்தடைக் கூப்பிட வேண்டும். பதில் வந்ததும் ஓடும் ஃபங்ஷனான கால்பேக்குக்குள் திஸ்._சூப்பர் என்று எழுதினேன். பதில் வருவதற்குள் என் மெத்தட் முடிந்து, உறை பழையதைத் திரும்ப மாட்டியிருக்கும். பழையது என்பது அண்டிஃபைண்ட். "ஃபங்ஷன் இல்லை" என்று எரர். சோதிக்கும்போது சர்வருக்குப் பதில் உடனே விடை தரும் பொம்மை ஒன்றை வைத்திருந்ததால் எனக்கு அது வரவே இல்லை. தீர்வு ஒரு வரிதான்: மெத்தடின் முதல் வரியிலேயே திஸ்._சூப்பரை ஒரு லோக்கல் வேரியபிளில் பிடித்துக்கொண்டு, கால்பேக்குக்குள் அதைக் கால் (call) என்ற மெத்தடால், திஸ்ஸைக் கையோடு கொடுத்துக் கூப்பிட வேண்டும். பதிலுக்குக் காத்திருக்க அவெய்ட் போட்ட மெத்தடிலும் இதே கதை. முதல் அவெய்ட்டுக்கு அப்புறம் _சூப்பரை நம்பக் கூடாது.

சில பில்லில் மட்டும் எரர் வராமல், கழிவும் விழாமல், ரசீது இரண்டாவது தடவை அச்சாகி வந்தது. இதற்கு எட்டு நாள் போனது. இரவு பதினொரு மணிக்குக் கடை மூடிய பிறகு அச்சு இயந்திரத்தின் முன்னால் தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். கடைசியில் பிடிபட்டது இது. அச்சு இயந்திரத்தில் தாள் தீர்ந்தால் 'அச்சிடு' மெத்தட் எக்செப்ஷன் எறிகிறது, அதாவது வேலையைப் பாதியில் விட்டு எரர் சொல்கிறது. உறைக்குள் டிரையும் ஃபைனலியும் (எரர் வந்தாலும் கடைசியில் கட்டாயம் ஓடும் பகுதி) இல்லை, ஆகவே "பழையதைத் திரும்ப மாட்டு" என்ற வரிக்கு வராமலே வெளியேறிவிடுகிறது. அந்தப் பில்லின் திஸ்._சூப்பரில் தாயின் 'அச்சிடு' ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகு அதே பில்லுக்குக் கழிவு பொத்தானை அழுத்தினால், சர்வர் பதில் வரும் நேரத்தில் _சூப்பர் என்பது 'கழிவு' அல்ல, 'அச்சிடு'. அது ஓர் எரரும் சொல்லாமல் அச்சடித்துவிட்டுப் போகிறது. தாள் தீர்ந்த பில்லுக்கு மட்டும் வரும் பிழையை எப்படித் தேடுவது. உறையைத் திறந்து, உங்கள் மெத்தடை ஓட்டும் வரியை டிரைக்குள்ளும், திரும்ப மாட்டும் வரியை ஃபைனலிக்குள்ளும் வையுங்கள். இந்த லைப்ரரியைத் தொட்டால் முதலில் செய்ய வேண்டிய திருத்தம் இதுதான், வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

இதற்கு உறவுக்காரப் பிழை இன்னொன்று உண்டு. தாயிடம் இல்லாத பெயரில் மெத்தட் எழுதி, உள்ளே _சூப்பரைக் கூப்பிட்டால் உறை விழாது. தனியாகக் கூப்பிட்டால் எரர் வந்துவிடும், நல்லது. ஆனால் உறை போட்ட இன்னொரு மெத்தடுக்குள்ளிருந்து அதைக் கூப்பிட்டால், அந்த வெளி மெத்தடின் தாய் ஓடிவிடும். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலே இது நடக்கும். லைப்ரரியில் நான் ஒரு காவல் வைத்தேன்: எழுத்து வடிவத்தில் _சூப்பர் இருந்து, தாயிடம் அந்தப் பெயரில் ஃபங்ஷன் இல்லையென்றால் கிளாஸ் கட்டும்போதே எரர் எறி. மூன்று வரி. போட்டதும் பழைய கோடிலேயே இரண்டு இடம் அகப்பட்டது.

கணக்குக்கு வருவோம். மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்க பில்லின் மொத்தத்தைப் பக்கத்து 5 சென்னுக்குச் சரிசெய்கிறோம். 1, 2 கீழே போகும், 3, 4 ஐந்தாகும், 6, 7 ஐந்துக்கு இறங்கும், 8, 9 பத்தாகும். மொத்தத்துக்கு மட்டும்தான், ஒவ்வொரு பொருளுக்கும் அல்ல. 'ரொக்கப்பில்' தன் 'மொத்தம்' மெத்தடில் _சூப்பரைக் கூப்பிட்டு, வந்த தொகையைச் சரிசெய்து திருப்பித் தருகிறது. அதை நீட்டி நான் எழுதியது, _சூப்பர் தந்ததிலிருந்து பத்து விழுக்காடு கழித்தது. சாப்பாடு 11.40 வெள்ளி என்று வையுங்கள். வரி 68 சென், மொத்தம் 12.08, சரிசெய்தால் 12.10, பத்து விழுக்காடு போனால் 10.89. ரொக்கமாக 89 சென் யாரிடம் வாங்குவது? அதைவிட மோசம், ரசீதில் வரி 68 சென் என்றே நிற்கிறது. சரியான வழியில் முதலில் கழிவு, 10.26. அதற்கு வரி 62 சென். 10.88. அட்டையில் கட்டினால் அதுதான், ரொக்கம் என்றால் 10.90. ஒரு பில்லுக்கு ஆறு சென் வரி அதிகம் என்று காட்டிக்கொண்டிருந்தேன். சேவை வரிக்குப் பதிவு செய்த கடை, ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டியது. கணக்காளர் கண்ணில் பட்டிருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும்.

இது லைப்ரரியின் குற்றமில்லை, ஓவர்ரைடு செய்யும் இடம் தப்பு. ஒரு மெத்தட் முடித்துக் கொடுத்த விடையின் மேல் பிள்ளை வேலை செய்தால், நடுவில் நுழைய வேண்டிய எதுவும் நுழைய முடியாது. 'மொத்தம்' என்பதை அடிக் கிளாஸில் மட்டும் வைத்து, அதற்குள் 'கூட்டு', 'கழிவு', 'வரி', 'சரிசெய்' என்று வரிசையாகக் கூப்பிடச் செய்தேன். பிள்ளைகள் இந்தச் சிறு படிகளில் ஒன்றை மட்டும் ஓவர்ரைடு செய்யலாம், 'மொத்தம்' பக்கமே போகக் கூடாது. அப்படிப் பிரித்ததும் _சூப்பர் கூப்பிடும் இடங்கள் நாற்பத்தொன்றிலிருந்து பதினாலாகக் குறைந்தன. கூடவே எல்லாத் தொகையையும் சென்னில், முழு எண்ணாக வைத்தேன். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வராத மொழியில் வெள்ளியைத் தசமத்தில் வைத்துக் கூட்டாதீர்கள். 5-ஆல் வகுத்து, மேத்.ரவுண்ட் போட்டு, 5-ஆல் பெருக்கினால் சரிசெய்தல் முடிந்தது.

ஐந்தாவது வாரம் எரிச்சலில், எல்லாவற்றையும் இஎஸ்6 கிளாஸுக்கு மாற்றிவிடுவது என்று இறங்கினேன். லைப்ரரி கோப்பை மாட்யூலாக ஆக்கியதுமே செத்தது. மாட்யூல் என்றால் தானாகவே ஸ்டிரிக்ட் மோட், பழைய சில வழக்கங்களை ஜாவாஸ்கிரிப்ட் மறுக்கும் முறை. லைப்ரரி தன்னை மாட்டிக்கொள்ளும் திஸ் அங்கே அண்டிஃபைண்ட். அதைத் திருத்தினால் அடுத்து ஆர்கியுமெண்ட்ஸ்.காலீ (ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷனையே குறிப்பது), அதையும் ஸ்டிரிக்ட் மோட் விடாது. எக்ஸ்டெண்ட் ஃபங்ஷனுக்கு ஒரு பெயர் வைத்து, காலீ இருந்த இடத்தில் அந்தப் பெயரை எழுதுங்கள், போதும். கோடைச் சுருக்கும் மினிஃபையரிலும் ஒரு கண்ணி உண்டு. கீழ்க்கோட்டில் தொடங்கும் பிராப்பர்ட்டிகளின் பெயரைச் சுருக்கு என்று நான் போட்டிருந்தேன். அது _சூப்பரை எல்லா இடத்திலும் ஓரெழுத்தாக மாற்றியது, லைப்ரரிக்குள் இருந்த தேடல் ரெகெக்ஸை (சொல் தேடும் வாய்பாட்டை) மட்டும் விட்டுவிட்டது. ரெகெக்ஸ் இல்லாத சொல்லைத் தேடியது, ஓர் உறையும் விழவில்லை. புரோட்டோடைப்.ஜேஎஸ் வைத்திருப்பவர்களுக்கு டாலர் சூப்பர் என்ற ஆர்கியுமெண்ட் பெயர் சுருங்கினால் இதே கதி.

பிறகு வந்ததுதான் இரண்டு நாள் தூக்கம் கெடுத்தது. என் கிளாஸை மட்டும் இஎஸ்6-க்கு மாற்றினேன், தாய் இன்னும் லைப்ரரிக் கிளாஸ். கிளாஸ் ஃபீல்டாக (கிளாஸில் நேரடியாக எழுதும் மதிப்பாக) 'கழிவுவிகிதம்' 0 என்று எழுதி, இனிட்டில் உறுப்பினர் என்றால் 10 என்று வைத்தேன். எப்போதும் 0. எரர் இல்லை. டிபக்கரில் இனிட் முடியும் வரியில் 10 இருக்கிறது, அடுத்த வரியில் 0. வரிசை இப்படி: என் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உண்டாக்கும் ஃபங்ஷன்) சூப்பரைக் கூப்பிடுகிறது, அது லைப்ரரியின் கன்ஸ்ட்ரக்டர், அது என் இனிட்டை ஓட்டுகிறது, 10 விழுகிறது. சூப்பர் திரும்பி வந்த பிறகுதான் பிள்ளையின் ஃபீல்டுகள் உண்டாகின்றன, 0 வந்து 10-ஐ அழிக்கிறது. மதிப்பே எழுதாமல் வெறும் பெயரை அறிவித்தாலும் அண்டிஃபைண்ட் ஆக்கிவிடும். தாயின் கன்ஸ்ட்ரக்டர் கூப்பிடும் மெத்தடை ஓவர்ரைடு செய்கிறீர்கள் என்றால் அந்தக் கிளாஸில் ஃபீல்டு எழுதாதீர்கள், டீஃபால்ட்டையும் இனிட்டுக்குள்ளேயே வையுங்கள். அதேபோல் திஸ் தொலையாமலிருக்க ஆரோ ஃபங்ஷனை ஃபீல்டாக வைக்கும் பழக்கமும் ஒரு கண்ணி. தாய் அப்படி வைத்திருந்தால் அது ஒவ்வொரு ஆப்ஜெக்டின் மேலும் உட்காரும், பிள்ளை புரோட்டோடைப்பில் எழுதிய மெத்தடை யாரும் எட்டவே மாட்டார்கள். சூப்பர் போட்டுக் கூப்பிட்டாலும் கிடைக்காது.

மாற்றும் வரிசையில் நுனியிலிருந்து அடிக்கு வாருங்கள். லைப்ரரிக் கிளாஸ் வெறும் ஃபங்ஷன்தான் என்பதால் இஎஸ்6 கிளாஸ் அதை நீட்டலாம், சூப்பரும் ஒழுங்காக வேலை செய்யும். அடியை முதலில் மாற்றினால் அதற்கு எக்ஸ்டெண்ட் இருக்காது, மேலே உள்ள அத்தனையும் ஒரே நாளில் விழும். மாற்றிய கிளாஸில் திஸ்._சூப்பர் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது.

ஆறாவது வாரம் செய்ததை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கடையின் 412 பழைய பில்களை எடுத்தேன், ஜிஎஸ்டி காலம், பூஜ்ய வரி மூன்று மாதம், ரொக்கம், அட்டை எல்லாம் கலந்து. பழைய கோடு தந்த வரியையும் மொத்தத்தையும் ஒரு கோப்பில் எழுதி வைத்து, ஒவ்வொரு கிளாஸை மாற்றிய பிறகும் புதுக் கோடு அதே தொகையைச் சென் பிசகாமல் தருகிறதா என்று ஓட்டினேன். ஓடி முடிய மூன்று விநாடிகூட ஆகாது. பூஜ்ய வரிக் கிளாஸை எடுத்துவிட்டு இரட்டைக் கேள்விக்குறியைப் போடத் துணிந்ததும் இந்தக் கோப்பு இருந்ததால்தான்.

லைப்ரரி இன்னும் போகவில்லை. அச்சிடும் கிளாஸ் மட்டும் பழையபடியே இருக்கிறது, ஃபைனலி சேர்த்த லைப்ரரியோடு. தாள் தீர்ந்தால் சரியான எரர் சொல்கிறது, அதைத் தொட எனக்கு மனமில்லை. தொடுகிற நாளில் _சூப்பர் என்று முழுக் கோடிலும் தேடி, கமெண்டுக்குள் இருப்பவை போக எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்த பிறகுதான் கோப்பை அழிப்பேன்.